ஒத்தவரை ஒத்தவரோடு ஒப்பிடுதல்: மருத்துவ ஆய்வுகளில் இணை பொருத்தும் முறை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தினர் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் இதே நோய்தானே, டாக்டர்? அவருக்கு அந்தச் சிகிச்சை கொடுத்தீர்கள், பிழைத்துக்கொண்டார். எங்கள் அப்பாவுக்கு ஏன் கொடுக்கவில்லை?”

இக்கேள்வி நியாயமானது. அன்பும் அச்சமும் கலந்து எழுவது. ஆனால் இதற்குள் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது: இரு நோயாளிகளும் எல்லா வகையிலும் ஒத்தவர்கள், சிகிச்சை ஒன்றே அவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு என்பது அது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வயது 50, அப்பாவுக்கு 72. அவருடைய சிறுநீரகங்கள் நலமாக இருந்தன. அப்பாவுக்கு நீரிழிவால் அவை முன்பே தளர்ந்திருந்தன. அவர் பிழைத்தது சிகிச்சையாலா, வயதாலா, சிறுநீரகத்தின் வலிமையாலா? இருவரை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்தறிய இயலாது.

ஆயிரக்கணக்கானோரை ஆராயும் அறிஞர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. “இம்மருந்தை உட்கொண்டோர் நீண்ட நாள் வாழ்கின்றனர்” என்று நாளிதழில் வரும் செய்தியை நம்பலாமா என்பதும் இதைப் பொறுத்ததே. இச்சிக்கலைத் தீர்க்கப் புள்ளியியல் அறிஞர்கள் வகுத்த வழிகளுள் ஒன்று, ஒத்தவரை ஒத்தவரோடு இணை பொருத்துதல். அதன் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை எளிய முறையில் விளக்க முயல்கிறது.

சிகிச்சை தற்செயலாக அமைவதில்லை

மருத்துவர் ஒருவர் ஒரு சிகிச்சையைக் காரணத்தோடுதான் தேர்கிறார். நோய் முற்றியவருக்கு வலிமையான மருந்தும், நோய் மெலிதாக இருப்பவருக்கு எளிய மருந்தும் தரப்படுவது இயல்பு. இதனால் நேரும் மயக்கத்தை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம்.

ஒரு மருந்தைப் பெற்றோர் 100 பேர். பெறாதோர் 100 பேர். பெற்றோருள் 17 பேர் இறந்தனர். பெறாதோருள் 14 பேர் இறந்தனர். மேலோட்டமாகப் பார்த்தால் மருந்து தீங்கானது என்றே தோன்றும். இப்போது நோயின் கடுமையைச் சேர்த்துப் பார்ப்போம். மருந்து பெற்றோருள் 80 பேர் கடும் நோயாளிகள். அவர்களுள் 16 பேர், அதாவது 20 விழுக்காட்டினர் இறந்தனர். எஞ்சிய 20 பேர் மென்நோயாளிகள். அவர்களுள் இறந்தவர் ஒருவரே, அதாவது 5 விழுக்காடு. மருந்து பெறாதோருள் கடும் நோயாளிகள் 20 பேர் மட்டுமே. அவர்களுள் 6 பேர், அதாவது 30 விழுக்காட்டினர் இறந்தனர். மென்நோயாளிகள் 80 பேருள் 8 பேர், அதாவது 10 விழுக்காட்டினர் இறந்தனர்.

கடும் நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும், மென்நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் மருந்து பெற்றோரே நன்றாக இருந்திருக்கின்றனர். மொத்தக் கணக்கில் அது தீங்கானதாகத் தோன்றியதற்குக் காரணம், கடும் நோயாளிகள் பெரும்பாலோர் மருந்து பெற்ற பக்கம் இருந்ததே. சிகிச்சைத் தேர்வையும் முடிவையும் ஒருங்கே பாதிக்கும் இத்தகைய ஒன்றைக் குழப்பும் காரணி என்பர்.

குலுக்கல் என்னும் நேர்வழி

இம்மயக்கத்தை நீக்கும் மிகச் சிறந்த வழி, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது. அப்போது வயது, நோயின் கடுமை, வறுமை, மனஉறுதி என அளந்தவையும் அளக்காதவையும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்துவிடும்.

இதற்கு ஒரு சிறந்த சான்று நம் சென்னையிலேயே உண்டு. 1956ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொண்டனர். மறு பிரிவினர் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே அளவு பயன் தந்தது என்பதை 1959இல் வெளிவந்த முடிவுகள் காட்டின. காசநோயாளி வீட்டை விட்டுப் பிரிந்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள அவ்வாய்வு பெரிதும் உதவியது.

ஆனால் எல்லாவற்றையும் குலுக்கலுக்கு உட்படுத்த இயலாது. தீங்கு தரும் என்று ஐயுறும் ஒன்றை ஒருவருக்கு வேண்டுமென்றே கொடுப்பது அறமன்று. மிக அரிய நோய்களுக்குப் போதிய நோயாளிகள் கிடைப்பதில்லை. சில வேளைகளில் மருத்துவர்களே ஒரு முறையின்மீது ஆழ்ந்த நம்பிக்கை வைத்து, குலுக்கலுக்கு உடன்பட மறுத்துவிடுகின்றனர். அவ்வாறான இடங்களில், வழக்கமான சிகிச்சையில் நடந்தவற்றைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து ஆராய்கின்றனர். இதை நோக்கு ஆய்வு என்பர். இணை பொருத்துதலுக்கு இடம் இங்கேதான்.

ஒரு தாயின் கேள்வியும் முப்பத்திரண்டு இணைகளும்

இணை பொருத்துதலின் எளிய வடிவத்தை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. அங்கு 1960களின் பிற்பகுதியில், 15 முதல் 22 வயது வரையுள்ள இளம்பெண்கள் சிலருக்கு யோனியில் ஓர் அரிய வகைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவ்வளவு இளவயதில் அந்நோய் காணப்படுவதே அரிது. மருத்துவர்கள் திகைத்தனர். அப்போது நோயுற்ற பெண் ஒருத்தியின் தாய், தாம் கருவுற்றிருந்தபோது உட்கொண்ட மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று வினவினார். அம்மாத்திரை டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். என்பர். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940கள் முதல் தரப்பட்டு வந்த ஹார்மோன் மருந்து அது.

ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவருடைய உடன்பணியாளர்களும் அக்கேள்வியைப் புறந்தள்ளவில்லை. நோயுற்ற பெண்கள் 8 பேர் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் நான்கு இணைகளைத் தேடினர். அதே மருத்துவமனையில், ஐந்து நாள் இடைவெளிக்குள், அதே வகை வார்டில் பிறந்த பெண்களே அந்த இணைகள். இவ்வாறு பொருத்தியதால் பிறந்த காலம், மருத்துவமனையின் வழக்கம், குடும்பத்தின் வசதி ஆகியவை பெரும்பாலும் சமமாயின. பின்னர் எல்லாத் தாய்மாரிடமும் ஒரே வினாப்பட்டியலைக் கொண்டு விசாரித்தனர். நோயுற்ற 8 பெண்களுள் 7 பேரின் தாய்மார் டி.இ.எஸ். உட்கொண்டிருந்தனர். இணைகளாக அமைந்த 32 பேருள் ஒருவருடைய தாயும் அதை உட்கொண்டிருக்கவில்லை.

1971ஆம் ஆண்டு ஏப்ரலில் இம்முடிவு வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே, கருவுற்ற பெண்களுக்கு அம்மருந்தைத் தர வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் மருத்துவர்களை எச்சரித்தது. மொத்தம் 40 பேர் மட்டுமே அடங்கிய ஆய்வு அது. இணைகள் கவனமாகப் பொருத்தப்பட்டிருந்ததாலும், வேறுபாடு மிகப் பெரிதாக இருந்ததாலும் அது போதுமானதாயிற்று.

பல பண்புகளை ஒரே மதிப்பெண்ணாக்குதல்

பாஸ்டன் ஆய்வு நோயிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சென்றது. பெரும்பாலான ஆய்வுகளில் சிகிச்சையிலிருந்து தொடங்கி முன்னோக்கிச் செல்வர்: சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும், அதைப் பெறாத ஆனால் மற்றவற்றில் அவரை ஒத்த ஒருவரை இணையாகத் தேடுவர்.

வயது, பால், நோயின் நிலை என்று மூன்று பண்புகள் மட்டும் என்றால் இணை தேடுவது எளிது. ஆனால் உண்மையில் ஐம்பது பண்புகள்கூட முதன்மையாக இருக்கலாம். ஐம்பதிலும் அப்படியே ஒத்த ஒருவரைத் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்.

இதற்கு வழி காட்டியவர்கள் பால் ரோசன்பாம், டொனால்ட் ரூபின் என்னும் புள்ளியியல் அறிஞர்கள். 1983ஆம் ஆண்டில் அவர்கள் முன்வைத்த கருத்து இது: பண்புகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பொருத்த வேண்டியதில்லை, அவை அனைத்தையும் கொண்டு, இந்த நோயாளிக்கு இச்சிகிச்சை தரப்பட்டிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்த ஒரே எண்ணைப் பொருத்தினால் போதும். ஆங்கிலத்தில் ‘புரொபென்சிட்டி ஸ்கோர்’ எனப்படும் இதை நாம் வாய்ப்பு மதிப்பெண் எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. இரு நோயாளிகளின் வயதும் இரத்த அழுத்தமும் பிற நோய்களும் வெவ்வேறு. ஆயினும் அவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிடும்போது, இருவருக்குமே அச்சிகிச்சை தரப்படும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று வருகிறது. அவர்களுள் ஒருவருக்கு அது தரப்பட்டது, மற்றவருக்குத் தரப்படவில்லை. பதிவான விவரங்களைப் பொறுத்தவரை, யாருக்குக் கிடைத்தது என்பது இங்கே ஏறத்தாழக் குலுக்கலில் விழுந்ததைப் போன்றதே. இவ்வாறு நூற்றுக்கணக்கான இணைகளைச் சேர்த்தால், இரு குழுக்களும் மொத்தத்தில் சமநிலை பெறும்.

நல்ல ஆய்வாளர் அத்தோடு நிற்பதில்லை. பொருத்திய பின் இரு குழுக்களின் சராசரி வயது, சர்க்கரை அளவு, முந்தைய நோய்கள் ஆகியவற்றை அருகருகே அட்டவணையிட்டு, சமநிலை உண்மையிலேயே வந்ததா என்று சோதிப்பார். வராவிடில் மதிப்பெண்ணைத் திருத்தி மீண்டும் பொருத்துவார். இவையெல்லாம் சிகிச்சையின் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே முடிய வேண்டிய பணிகள். முடிவைப் பார்த்தபின் பொருத்தத்தை மாற்றுவது, விடைத்தாளைப் பார்த்தபின் வினாவைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

இதயத்துள் செல்லும் குழாய்: ஒரு படிப்பினை

இம்முறை தீவிர சிகிச்சைப் பிரிவின் வழக்கம் ஒன்றையே கேள்விக்கு உள்ளாக்கிய வரலாறு உண்டு.

1970ஆம் ஆண்டில் ஸ்வான், கான்ஸ் ஆகியோரும் அவர்தம் உடன்பணியாளர்களும், நுனியில் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாய் ஒன்றை அறிமுகம் செய்தனர். அக்கதீட்டரைச் சிரையின் வழியே செலுத்தி, இதயத்தின் வலப்புறத்தைக் கடந்து நுரையீரல் தமனி வரை கொண்டு செல்லலாம். இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பவற்றைக் கட்டிலருகிலேயே அளக்கலாம். கூடுதல் விவரம் தெரிந்தால் சிகிச்சையும் மேம்படும் என்று மருத்துவர்கள் நம்பினர். அந்நம்பிக்கை மிக ஆழமானது. கனடாவில் குலுக்கல் முறை ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டபோது, தம் நோயாளிகளுக்குக் கதீட்டர் கிடைக்காமல் போகலாம் என்பதை மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்ததால் அது முன்னேறவில்லை.

இந்நிலையில் ஆல்ஃபிரட் கானர்ஸும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஐந்து போதனா மருத்துவமனைகளில் இருந்த 5,735 கடும் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 2,184 பேருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் கதீட்டர் செலுத்தப்பட்டிருந்தது; 3,551 பேருக்குச் செலுத்தப்படவில்லை. முப்பது நாட்களுக்குள் இறந்தோர் முதல் பிரிவில் 38 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ 31 விழுக்காடு. ஆனால் கதீட்டர் பெற்றோர் தொடக்கத்திலேயே அதிகம் நலிந்திருந்தவர்கள். ஆகவே இவ்வேறுபாட்டை அப்படியே ஏற்க இயலாது.

கதீட்டர் செலுத்தலாமா என்று முடிவெடுக்கும்போது மருத்துவர் எவற்றைக் கருதுவார் என்பதைத் தீவிர சிகிச்சை வல்லுநர் எழுவர் வரையறுத்துக் கொடுத்தனர். அவற்றைக் கொண்டு ஒவ்வொரு நோயாளிக்கும் வாய்ப்பு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. நோய் வகையும் மதிப்பெண்ணும் ஒத்த 1,008 இணைகள் கிடைத்தன. அவ்விணைகளிலும் கதீட்டர் பெற்றோரே கூடுதலாக இறந்திருந்தனர். இறப்பதற்கும் பிழைப்பதற்கும் உள்ள விகிதம் அவர்களிடம் சுமார் 1.24 மடங்கு. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. இக்குழாயைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும், அல்லது குலுக்கல் முறையில் ஆராய வேண்டும் என்ற குரல் எழுந்தது.

அவ்வாறே ஆராய்ந்தனர். பிரித்தானியாவின் 65 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது. கதீட்டர் பெற்றோருள் 68 விழுக்காட்டினரும் பெறாதோருள் 66 விழுக்காட்டினரும் மருத்துவமனையிலேயே இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாக எழக்கூடிய அளவுக்குள் அடங்குவது. அதாவது, கதீட்டரால் உயிர் காக்கப்படுகிறது என்பதற்கும் சான்று இல்லை. உயிர் போகிறது என்பதற்கும் சான்று இல்லை.

இணை பொருத்திய ஆய்வு ஓரிடத்தில் சரியாகவே சுட்டியது: எல்லோரும் நம்பிய பயன் காணப்படவில்லை. ஆனால் அது கண்ட தீங்கைக் குலுக்கல் ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. கட்டிலருகே நின்ற மருத்துவரின் கண்ணுக்குத் தெரிந்து, பதிவேட்டில் ஏறாமல் போன ஏதோ ஒரு நலிவு கதீட்டர் பெற்றோரிடம் கூடுதலாக இருந்திருக்கக்கூடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதீட்டர் பெற்ற 2,184 பேருள் 1,176 பேர் அந்த இணைகளுக்குள் வரவில்லை. இணையில்லாதவரைப் பற்றி இணைகள் எதுவும் சொல்ல இயலாது.

பதிவேட்டில் இல்லாதது

இணை பொருத்துதலின் எல்லை இதுவே: எழுதி வைத்தவற்றை மட்டுமே அது சமன் செய்யும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சையின் வரலாறு இதற்கு மற்றொரு சான்று. அமெரிக்கச் செவிலியரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பேராய்வு ஒன்று, வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும், ஹார்மோன் உட்கொண்டோருக்கு இதயநோய் ஏறத்தாழ 44 விழுக்காடு குறைவு என்று 1991இல் தெரிவித்தது. பின்னர் 16,608 பெண்களைக் கொண்டு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தபோது, இதயநோய் 29 விழுக்காடு மிகுந்திருந்தது. 10,000 பெண்கள் ஓராண்டு உட்கொண்டால் 7 பேருக்குக் கூடுதலாக இதயநோய் வரும் என்ற அளவு அது. மார்பகப் புற்றுநோயும் கூடியதால் 2002இல் அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

முரண்பாடு ஏன்? ஹார்மோன் சிகிச்சையை நாடிய பெண்கள் பொதுவாக வசதியும் கல்வியும் மிக்கவர்கள். உடல்நலத்தில் கூடுதல் அக்கறை உடையவர்கள். மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டுகளுக்குப் பின் சிகிச்சையைத் தொடங்கினர் என்பதும் ஒரு காரணம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கருதினர்.

இதனால் நோக்கு ஆய்வுகள் எல்லாம் பயனற்றவை என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். புகையிலை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை நாம் அறிந்தது நோக்கு ஆய்வுகளால்தான். மறைந்திருக்கும் வேறு காரணி ஏதோ ஒன்று உண்டு என்று மறுத்தவர்களுக்கு, ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய உடனாய்வாளர்களும் 1959இல் விடையளித்தனர். புகைப்போருக்கு அந்நோய் 9 மடங்கு மிகுதி. அதற்கு முழுக் காரணமும் மறைந்த காரணியே என்றால், அக்காரணி புகைக்காதவரிடம் இருப்பதைப்போல் குறைந்தது 9 மடங்கு புகைப்போரிடம் இருந்தாக வேண்டும். அவ்வளவு வலிய ஒன்றை எவராலும் காட்ட முடியவில்லை. பெரிய வேறுபாட்டை மறைந்த காரணி எளிதில் புரட்டிவிடாது. சிறிய வேறுபாட்டை எளிதில் புரட்டிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியவை

புதிய மருந்தையோ சிகிச்சையையோ பற்றிய செய்தி உங்கள் கைக்கு வரும்போது கீழ்க்காணும் கேள்விகளை எழுப்பலாம். அவற்றை எழுதிக்கொண்டு வந்து மருத்துவரிடம் கேட்பதிலும் தவறில்லை.

1. யாரை யாரோடு ஒப்பிட்டனர்? குலுக்கல் முறையிலா, பதிவேடுகளைக் கொண்டா?

2. பதிவேடுகளைக் கொண்டு என்றால், இரு குழுவினரும் தொடக்கத்தில் ஒத்திருந்தனரா? எவற்றைப் பொருத்தினர்?

3. பொருத்தாமல் விடுபட்டது எது? வறுமை, உணவு, மருந்தைத் தவறாமல் உட்கொள்ளும் பழக்கம் போன்றவை கணக்கில் வந்தனவா?

4. இணை கிடைத்தவர்கள் எத்தகையோர்? என் வயதும் என் நோயின் நிலையும் அவர்களோடு ஒத்துப்போகின்றனவா?

5. வேறுபாடு எவ்வளவு? நூறு பேரில் அல்லது ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குக் கூடுதல் நன்மை அல்லது தீமை?

இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும் முன், செய்தி ஒன்றை மட்டும் நம்பி, உட்கொண்டு வரும் மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ புதிதாகத் தொடங்கவோ வேண்டாம்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. செவிலியரோ மருத்துவரோ விவரம் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். புகை, மது, வெற்றிலையோடு புகையிலை, வேறிடத்தில் வாங்கி உட்கொள்ளும் நாட்டு மருந்து, விட்டுப்போன மாத்திரைகள் ஆகிய எதையும் மறைக்க வேண்டாம். முதலில் அது உங்கள் சிகிச்சைக்கே இன்றியமையாதது. உங்கள் பதிவேடு பின்னாளில் ஆய்வு ஒன்றில் இடம்பெற்றால், உங்களைப் போன்ற இன்னொருவருக்குச் சரியான இணையைக் கண்டறியவும் அதுவே துணை செய்யும். நோயின் காரணத்தைப் பற்றி உங்கள் மனத்தில் எழும் ஐயத்தையும் தயங்காமல் சொல்லுங்கள். பாஸ்டனில் பெரிய உண்மை ஒன்றுக்கு வழி திறந்தது ஒரு தாயின் கேள்வி.

இனி, தொடக்கத்தில் கண்ட வினாவுக்கு வருவோம். “அவருக்குக் கொடுத்தீர்கள், எங்கள் அப்பாவுக்கு ஏன் கொடுக்கவில்லை?” இக்கேள்வியைக் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதைச் சற்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: “எங்கள் அப்பாவைப் போன்ற வயதும் நோயும் உடையவர்களுக்கு இச்சிகிச்சை எவ்வாறு பயன்பட்டிருக்கிறது?” இவ்வாறு கேட்கும்போது, பக்கத்துக் கட்டிலை விட்டுவிட்டு உங்கள் தந்தையைப் பற்றிய விடையை மருத்துவர் தரமுடியும்.